காய்ச்சலுக்குக் கதவைத் திறந்து வைப்பதா?

மாரி தொடங்கிவிட்டால் கல்முனைக் கரையோரத்தில் இருமல் ஒலியற்ற வீட்டைக் காண்பது அரிது. இலங்கையில் இன்புளுவென்சாக் காய்ச்சல் ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குவதும், அவற்றுள் ஒன்று ஆண்டிறுதியை ஒட்டி வருவதும் மருத்துவர் அறிந்த செய்தி. பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் காலமும் அதுவே. மழையில் நனைந்ததால் வந்தது என்று நாம் மழையின்மேற் பழியைப் போட்டு அமைகிறோம். வாயிற் புகையும் சிகரெட்டை விசாரிப்பாரைக் காணோம்.

யானைக் காவலுக்கு வயல்வாடியில் இரவு தங்கும் உழவரைக் கேட்டால், நெஞ்சுக்குச் சூடாக ஒரு பீடி என்பார். உண்மை அதற்கு நேர்மாறானது. நம் மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத மயிரிழைகள் ஓயாது அசைந்து, சளியிற் சிக்கிய தூசையும் கிருமியையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. புகை முதலில் முடக்குவது அவற்றைத்தான். அதற்கு அப்பாலும் ஓர் அரண் உண்டு. வைரசு புகுந்த கலம் இன்டபெரோன் என்னும் பொருளைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கிறது. வெள்ளம் வருமுன் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊரை எழுப்புவதைப் போன்றது அது. புகைப்போரின் மூக்கிலிருந்து எடுத்த கலங்களில் இன்புளுவென்சா வைரசைச் செலுத்தி ஆய்ந்தபோது, எச்சரிக்கை தாழ்ந்தும் வைரசின் பெருக்கம் மிகுந்தும் காணப்பட்டன. ஒலிபெருக்கியின் கம்பியை அறுத்துவிட்டு வெள்ளத்தைக் குறை கூறுவது அறிவாகுமா?

இஃது ஆய்வுகூடத்து வித்தை மட்டுமே என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1978இல் இஸ்ரேலிய இராணுவப் பிரிவொன்றில் இன்புளுவென்சா பரவியபோது, 336 இளைஞரைக் கணக்கெடுத்தனர். புகைப்போரில் நூற்றுக்கு 68.5 பேருக்குக் காய்ச்சல் கண்டது, புகையாதோரில் 47.2 பேருக்கே கண்டது. வேலைநாளை இழந்தோ படுக்கையிற் கிடந்தோ அவதியுற்றோர் முன்னவருள் 50.6 வீதம், பின்னவருள் 30.1 வீதம். இவர்கள் முதியோரல்லர், நோயாளரல்லர். உடற்கட்டு வாய்ந்த வாலிபர். அத்தகையோருக்கே இக்கதி என்றால், நாற்பதாண்டு புகைத்த நம் பெரியவர்களின் நிலை யாது? காய்ச்சலின் பின்னே நிமோனியாவும் வந்து சேரும்போது, பழுதடைந்த நுரையீரலுக்குத் தாங்கும் வலு எங்கிருந்து வரும்?

இழந்த வேலைநாள் என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஒரு விடுமுறை விண்ணப்பம். நிந்தவூரின் நாட்கூலிக்கும் மருதமுனையின் நெசவாளருக்கும் அஃது அடுப்பெரியாத நாள். புகைத்தவர் ஒருவராயினும் பட்டினி வீடு முழுவதற்கும் உரியது. புகையும் அப்படியே. பீடியைத் தொட்டறியாத மனைவியும் பிள்ளைகளும் மழைக்காகக் கதவடைத்த அறையில் அதனையே சுவாசிக்கின்றனர்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2003லேயே ஏற்று உறுதிசெய்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அடைப்புள்ள பொது இடங்களிற் புகைத்தலைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுக்கிறது. புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்கும் சலுகை, உணவகங்களுள் முப்பது பேருக்கேனும் இருக்கையுள்ளவற்றுக்கே உண்டு. நம் சந்திகளிலுள்ள நான்கு வாங்குத் தேநீர்க்கடைக்கு அச்சலுகை கிடையாது. இதனைச் சட்டம் படித்தோரும் அக்கடைகளிலேயே அமர்ந்து மறந்துவிடுகின்றனர்! சிகரெட்டுப் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்ற விதியை எதிர்த்துப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் சென்றது. பாராளுமன்றம் 2015இல் அதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. ஆனால் ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவன் பெட்டியின் முகத்தைக் காண்பதேயில்லை.

விடமுடியாது என்பாருக்கு நாம் நோன்பு மாதத்தையே சாட்சியாக அழைப்போம். விடியுமுன் தொடங்கி அந்தி வரை, பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, நாவிலும் வைக்காமல் இருந்தவர், கஞ்சிக் கோப்பை காலியாகுமுன் ஏன் தீப்பெட்டியைத் தேட வேண்டும்? புகையை நிறுத்திய சில மாதங்களுக்குள் அம்மயிரிழைகள் மீண்டும் தம் தொழிலைத் தொடங்குகின்றன என்பது மருத்துவ நூற் கூற்று. மாரிக்குச் சில மாதங்கள் முன்னரே விட்டவர் அந்தப் பயனுடன் மாரியை எதிர்கொள்வார்.

தனிமனிதரின் உறுதி மட்டும் போதாது. ஆகவே நாம் கேட்பது இது: உணவுக்கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கையில் கல்முனை மாநகர சபையும் அயற்பிரதேச சபைகளும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுத்தில் நினைவூட்டட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மழைக்கு முன்னரே சுற்றி வரட்டும். சங்க அலுவலகங்களும் கட்சிக் கூட்ட அறைகளும் அடைப்புள்ள இடங்களே. அவற்றின் சாம்பற் கிண்ணங்களை அகற்றுவதற்கு எந்த அதிகாரியின் ஆணையும் வேண்டியதில்லை.