தூங்காத பிள்ளைக்குத் தாயத்தும் பிரம்புமா?

ஒரு பிள்ளை இரவு பத்து மணிக்குப் படுத்துப் பன்னிரண்டு மணி வரையில் புரண்டுகொண்டிருந்தால், "காத்துக் கருப்பு அண்டிவிட்டது" என்கிறார்கள். அதே பிள்ளை மறுநாள் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல், கணக்கைப் பாதியில் விட்டு ஜன்னலைப் பார்த்தால், "கொழுப்பு" என்கிறார்கள். இரவுக் குற்றத்துக்குத் தாயத்து. பகல் குற்றத்துக்குப் பிரம்பு. இரண்டும் ஒரே மூளைக்குள் நடக்கும் காரியமாயிருக்குமோ என்று யோசிக்க மாத்திரம் நம்மவர்களுக்கு நேரமில்லை.

கவனம் நில்லாமை, அடங்காத துருதுருப்பு, யோசிக்குமுன் செய்துவிடுதல் ஆகிய இவைகள் சேர்ந்த மூளை வளர்ச்சிக் கோளாறுக்கு வைத்தியர்கள் ஏ.டி.எச்.டி. என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வித்தியாசத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் பரம்பரையைச் சேர்ந்தது என்று இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. அப்படியானால் பிரம்பெடுக்கும் தகப்பனார் முதலில் தம் முதுகில் இரண்டு போட்டுக்கொள்வதல்லவா நியாயம் என்று கேட்கின்றோம்.

இப்பிள்ளைகளில் கால் பங்கு முதல் பாதிப்பேர் வரையில் தூக்கத் தொல்லை உள்ளவர்கள். இருட்டிய பிறகு மூளையில் மெலடோனின் என்னும் பொருள் சுரந்து, "இது இராத்திரி" என்று உடம்புக்குத் தெரிவிக்கிறது. ஏ.டி.எச்.டி.யோடு, படுத்தும் தூக்கம் வராத தொல்லையும் உள்ள பிள்ளைகளுக்கு அது சுமார் முக்கால் மணி நேரம் பிந்திச் சுரப்பதை 2005-ல் ஹாலந்து ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து காட்டினார்கள். பிந்தியிருப்பது உடம்பின் கடிகாரம். அதற்கு வேப்பிலை அடித்தால் கடிகாரம் முந்துமா?

நிற்க, இதன் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். தூக்கம் கெட்ட பெரியவன் சோர்ந்து விழுகிறான். தூக்கம் கெட்ட பிள்ளையோ அநேகமாக அதிகமாய் ஆடுகிறது, கவனம் சிதறுகிறது. ஆகையால் வெறும் தூக்கக் குறைவே ஏ.டி.எச்.டி. போல வேஷம் போடுவதுமுண்டு. உள்ள கோளாறைப் பெருக்குவதுமுண்டு. தொண்டைச் சதை வளர்ந்து குறட்டை விட்டு மூச்சுத் தடைப்படும் பிள்ளை எப்படி அயர்ந்து தூங்கும்? அமெரிக்காவில் இப்படிப்பட்ட 464 பிள்ளைகளை வைத்துச் செய்து 2013-ல் வெளியான சோதனையில், சதையை எடுத்த பிள்ளைகளுக்குக் கவனப் பரீட்சையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும், தூக்கமும் நடத்தையும் மேலாயின. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்து, இரவில் கால் குறுகுறுத்துத் தூங்காத பிள்ளைகளும் உண்டு. இவைகளுக்கெல்லாம் பரிகாரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறதே தவிர, பரிகார ஸ்தலத்தில் இல்லை.

"எங்கள் காலத்தில் இந்த வியாதி ஏது? எல்லாம் செல்போன் செய்த வேலை" என்பார்கள் சில பெரியவர்கள். படுக்கையில் செல்போன் தூக்கத்தைக் கெடுப்பது வாஸ்தவம். அதை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் டாக்டர் இம்மாதிரிப் பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தது 1902-ம் வருஷத்தில். அப்போது எந்தப் பிள்ளையின் கையில் செல்போன் இருந்தது? உங்கள் காலத்திலும் இக்கோளாறு இருந்தது. "உதவாக்கரை" என்ற பட்டத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தப்பட்டது, அவ்வளவுதான்.

இது ஒருபுறமிருக்க, படித்தவர்களின் மூடநம்பிக்கை ஒன்றுண்டு. பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படித்தால் சரஸ்வதி நாவில் வந்து உட்காருவாளாம்! இரவு பத்து மணி வரை டியூஷன், காலை நாலு மணிக்கு அலாரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க வைத்தியர் சங்கம் 2016-ல் சொல்லிற்று. வாலிபம் வரும்போது எல்லாப் பிள்ளைகளுக்குமே உடம்பின் கடிகாரம் பிந்துகிறது, ஏ.டி.எச்.டி. உள்ளவனுக்கோ சொல்லவே வேண்டாம். தூக்கத்தைத் திருடிக்கொண்டு, "புத்தி எங்கே போயிற்று?" என்று அவனையே அடிப்பது எந்த ஊர் நியாயம்? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்கிறது. வீட்டில் அடிக்காதிருக்கவும் சட்டம் வந்தால்தான் ஆகுமா?

ஆகவே தோழர்களே! தாயத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளை எப்போது படுத்தது, எப்போது தூங்கிற்று, எப்போது எழுந்தது, குறட்டை உண்டா என்று இரண்டு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுக்கவும் எழவும் பழக்குங்கள். இம்மாதிரியான யோசனைகளைத் தாய் தகப்பனாருக்கு இரண்டே சந்திப்பிலும் ஒரு டெலிபோன் பேச்சிலும் சொல்லிக்கொடுத்ததில், பிள்ளைகளின் தூக்கமும், ஓரளவுக்குக் கோளாறின் குணங்களும் சீர்பட்டன என்பது ஆஸ்திரேலியாவில் 244 பிள்ளைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான சோதனையின் முடிவு. ஏ.டி.எச்.டி. மருந்தால் தூக்கம் பிந்தினால், தாமாக நிறுத்தாமல் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ வேளையையோ மாற்றுவது அவர் வேலை.

அடித்துத் திருத்தக்கூடியதாயிருந்தால் இக்கோளாறு நம் நாட்டில் என்றோ ஒழிந்திருக்கும். அடி கொஞ்சமாகவா விழுந்திருக்கிறது? பிள்ளையைத் தூங்க விடுங்கள். விழித்துக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்களே என்று தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.