வரியை எதிர்த்த நாவாட்டில்

ஸ்பானியர் காலூன்றியதுமே மெக்சிகோவின் பூர்வகுடி மொழிகள் அதிகாரம் இழந்து வாயடைத்துப்போயின என்ற வாதம் ஆவணங்களின் முன் நிற்காது. 1547இலேயே த்லாக்ஸ்காலா பூர்வகுடி நகரசபை தன் நடவடிக்கைகளைப் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான நாவாட்டில் மொழியில் பதிந்துகொண்டிருந்தது. 1560இல் உவெஹோட்சிங்கோ என்ற பூர்வகுடி நகரின் சபை, விதிக்கப்பட்ட வரி தங்களை நசுக்குகிறது என்று ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்புக்கே அம்மொழியில் முறையிட்டது. அந்த மன்னரே 1570இல் நாவாட்டிலைப் பூர்வகுடிகளுக்கான ஆட்சிமொழியாக ஏற்றார். அம்மொழியைப் பதிந்த எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பாதிரிமார்கள்தானே, அது மதமாற்றக் கருவிதானே என்று மறுப்பார்கள். கற்பித்தது அவர்கள்தான், ஆனால் உயிலையும் நில விற்பனையையும் வழக்கையும் அதே எழுத்தில் தலைமுறை தலைமுறையாகப் பதிந்தவர்கள் ஊர் எழுத்தர்கள். கருவி கைமாறிவிட்டது.

காலனிய ஆட்சியின் வன்முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பூர்வகுடி மொழிகளை ஒழித்துக் காஸ்டிலியனை, அதாவது ஸ்பானிய மொழியைப் புகுத்தும் மன்னர் மூன்றாம் கார்லோஸின் ஆணை 1770இல்தான் வந்தது. அதுவரை தம் மொழியில் வழக்காடியவர்களை ஊமைகளாக்குவது எந்த ஆய்வுக்கும் நியாயமல்ல.