நம் தமிழ் எழுத்து ஏன் அந்தப் பக்கம் போய்ச் சேருதில்லை?



நேற்றிரவு வீட்டிலிருந்தே பாடசாலைக் கணினியைத் திறந்து வினாத்தாள் தட்டினேன். 'அம்மா' என்று அடிக்க, அங்கே விழுந்தது ஆங்கில எழுத்து.

பிழை என் விரலில் இல்லை. இப்படியான மென்பொருள்கள் பெரும்பாலும் எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசையை அழுத்தினோம் என்ற இலக்கத்தைத்தான் அனுப்புகின்றன. எழுத்தைத் தீர்மானிப்பது அந்தப் பக்கக் கணினி. அதில் தமிழ் விசைப்பலகை இல்லையென்றால் ஆங்கிலம்தான். இருந்தாலும் சிக்கல்தான்: நம்மில் பலருக்குப் பழகியது பாமினி, தமிழ்நாடு 1999இல் ஏற்றது தமிழ்99. ஒரே விசை, வேறு எழுத்து.

விண்டோஸின் தொலைமேசை நெறிமுறையில் யுனிகோட் எழுத்தையே அனுப்பவும் வழி உண்டு. கன்ட்ரோல் சேர்த்த கட்டளைகளுக்கு விசை இலக்கம் போகட்டும், தமிழுக்கு எழுத்தே போகட்டும். மென்பொருள் படிக்கும் நம் தம்பி தங்கைமாரே, இதை நீங்கள் செய்யுங்கோ. பிறர் கணினியில் விசைப்பலகை நிறுவு என்று ஆசிரியரிடம் சொல்வது தீர்வில்லை.

நான் கடைசியில் என் மடிக்கணினியில் தட்டி, பிரதி எடுத்து அங்கே ஒட்டினேன். முடிய இரவு ஒரு மணி.