ஐந்தெழுத்துப் பெயர் நீளமானது எப்படி?

தில்லியின் கல்விக்கூடங்களுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரைகளுள் ஒன்று பெயரைப் பற்றியது: "மிக நீளமாக இருக்கிறதே, சுருக்கமாக எப்படி அழைப்பது?" கயல்விழி 'கயல்' ஆகிறாள், பூங்குழலி 'பூஜா' ஆகிறாள், தேன்மொழி 'தேன்மோஜி'யாகவே பட்டம் பெற்றுச் செல்கிறாள். அறிவுரை அன்போடு சொல்லப்படுவதால் அதை மறுப்பது பண்பற்ற செயலாகத் தோன்றுகிறது. ஆயினும் மறுத்தாக வேண்டும். அந்த அறிவுரை பொய்யான ஒரு கணக்கின் மீது நிற்கிறது.

பூங்குழலி, தமிழில் ஐந்தே எழுத்து. அதே பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் பதினொன்று. ழகரத்துக்கு மட்டும் அங்கே இரண்டு எழுத்துகள் செலவாகின்றன. அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவர் வாயில் அது ஜகரமாகிறது. ஆக, நீளம் பெயரின் இயல்பன்று. அதைத் தாங்க இயலாத எழுத்துமுறை அதன்மேல் ஏற்றிய சுமை. தேவநாகரியில் ழகரத்துக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. யூனிகோடிலும் அதற்கு இடமுண்டு. தலைநகரின் வருகைப்பதிவேடுகளில் அதைத் தேடினாலும் காண்பது அரிது.

இப்பெயர்களின் 'விசித்திரமும்' அத்தகையதே. அங்கயற்கண்ணி என்பது அம், கயல், கண் என்னும் மூன்று எளிய சொற்களின் கூட்டு: அழகிய கயல்மீன் போன்ற கண்ணை உடையவள். மீனாட்சி என்றால் தில்லிக்கு உடனே விளங்கும். இரண்டும் மதுரையில் ஒருத்தியின் பெயர்களே. திருவையாற்றின் அறம்வளர்த்தநாயகிக்குத் தர்மசம்வர்த்தினி என்றும் பெயர். திருவாலங்காட்டின் வண்டார்குழலி, வண்டுகள் மொய்க்கும் கூந்தலாள். வேதாரணியத்து யாழைப்பழித்தமொழியாள், யாழின் இசையையும் நாணச் செய்யும் பேச்சினள். இவை வெறும் ஒலிக்கோவைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியம். வாக்கியத்தை முதல் சொல்லோடு நிறுத்துவதைச் சுருக்கம் என்பதில்லை. முறித்தல் என்பதே சரி.

இது வகுப்பறை விளிப்போடு முடிந்துவிடும் சங்கதியாயின் பொறுத்துக்கொள்ளலாம். முடிவதில்லை. படிவம் 'குடும்பப்பெயர்' கேட்கிறது. முருகேசன் மகள் மு. பூங்குழலிக்குக் குடும்பப்பெயர் இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்க மறுக்கிறது; ஆகவே தந்தை பெயர் அங்கே போய் அமர்கிறது. அன்று முதல் அவள் 'பூங்குழலி முருகேசன்'. கட்டுரை வெளியானதும் ஏபிஏ போன்ற மேற்கோள் முறைகள் அவளை 'முருகேசன், பூ.' ஆக்குகின்றன. பத்தாண்டு உழைப்பில் அவள் எழுதிய ஆய்வை மேற்கோள் காட்டுவோர் "முருகேசன் கூறுவதுபோல" என்று எழுதுவர். அந்த முருகேசன் ஒரு வரியும் எழுதியவர் அல்லர்.

தந்தையின் முதலெழுத்தைச் சுமக்கும் தமிழ் வழக்கமும் ஆணாதிக்கந்தானே என்று கேட்கலாம். ஆம், அதுவும் அப்படியே. ஆனால் அங்கே தந்தை ஓரெழுத்து, மகள் முழுப்பெயர். இங்கே தந்தை முழுப்பெயர், மகள் ஓரெழுத்து. பெண்ணியம் பயிற்றும் துறைகளே தம் ஆய்வடங்கல்களை இந்த முறையில் அச்சிடுவது வியப்புக்குரியது.

மேலும், அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னால் சாதிப்பட்டம் இடும் வழக்கத்தைக் கைவிடத் தீர்மானித்தது. தமிழர் பலரின் பெயர் தனித்து நிற்பதற்கு அத்தீர்மானத்தோடு தொடங்கிய நெடிய முயற்சியே பெருங்காரணம். அந்த வெறுமையைக் குறையாகக் கருதி நிரப்பச் சொல்லும் படிவம், தான் அறியாமலேயே சாதியைத் திரும்பக் கேட்கிறது.

பெண்ணின் பெயரை எவ்வாறு பதிவது என்பதைப் பழைய தொகுப்பாளர்கள் அறிந்திருந்தனர். காக்கை கரைவதைப் பாடியதால் ஒரு புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆனார். அவருக்கு அடைமொழி தந்தது அவருடைய பாட்டே. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாருக்குத் தந்தை அடையாளம் உண்டு. ஆயினும் பாட்டு நக்கண்ணையாருடையதாகவே நிற்கிறது, நாய்கனுடையதாக அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டொன்று, பல ஊர்களிலிருந்து கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பதிகிறது. அரசாணையால் இடம் பெயர்க்கப்பட்ட அவர்களின் வாழ்வைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. ஆனால் எழுதியவன் எவரையும் சுருக்கவில்லை. 'எடுத்தபாதம்' என்றொரு பெண், 'சோழகுலசுந்தரி' என்றொரு பெண். யார் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. ஆளுக்கு 100 கலம் நெல் அளிக்கப் பெயர் பிழையின்றி இருக்க வேண்டுமன்றோ? உளியால் வெட்டிய காலத்தில் கிடைத்த இடம், கணினியில் கிடைக்கவில்லை என்பதை எவ்வாறு ஏற்பது?

இடம் இல்லை என்பதும் உண்மையன்று. உலகக் கடவுச்சீட்டுகளில் பொறி படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள் உள்ளன. யாழைப்பழித்தமொழியாள் உரோமன் எழுத்தில் 23 இடங்களில் அடங்கிவிடுவாள். முருகேசனையும் சேர்த்தாலும் இடம் மிஞ்சும். இந்தியக் கடவுச்சீட்டு குடும்பப்பெயர் இன்றியும் வழங்கப்படுகிறது. ஆய்வாளர்களுக்கான ஆர்சிட் பதிவிலும் இயற்பெயர் மட்டுமே கட்டாயம். உலக அளவிலான அமைப்புகளால் இயன்றது தில்லியின் துறை அலுவலகத்தால் இயலாது என்பது தொழில்நுட்பம் பற்றிய வாதமன்று, சோம்பல்.

குற்றம் வடக்கே மட்டும் இல்லை. தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களைப் பெருமிதத்தோடு பகிரும் தமிழறிஞர்களே, தம் மாணவியின் ஆய்வேட்டு முகப்பில் தந்தை பெயர் பின்னொட்டாக ஏறும்போது வாய் திறவாமல் கையொப்பம் இடுகின்றனர். மொழியைக் காக்கும் பொறுப்பை மகளின் பெயரில் ஏற்றிவைத்துவிட்டு, அப்பெயரைக் காக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வது நேர்மையாகாது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. குடும்பப்பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்காதிருத்தல், தமிழ்ப் பெயர்களை ஆய்வடங்கலில் இயற்பெயரின்கீழ் முழுமையாக அடுக்குதல், பருவத்தின் முதல் நாள் வருகை எடுக்கும்போது, "எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று மாணவியிடமே கேட்டறிதல். தஸ்தயேவ்ஸ்கியையும் நீட்சேயையும் பிழையின்றி உச்சரிக்கப் பழகிய நாவுகளுக்குப் பூங்குழலி கடினமாக இராது.