முதற்பாடம் எது?

ஊதியப் பட்டியல், வரவு செலவு, காப்புறுதிக் கணக்கு முதலியவற்றைக் கணிப்பொறியைக் கொண்டு செய்வித்தற்கென்றே வகுக்கப்பட்ட நிரல்மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் கோபால். ஆயர்பாடிக் கண்ணனின் பெயரென மயங்க வேண்டா. 'வணிக நோக்குடைய பொதுமொழி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது. 1959ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவிற் கூடிய குழுவினர் அதனை ஆக்கத் தொடங்கினர். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முன்னரே அமைத்திருந்த மொழியொன்று அதற்கு வழிகாட்டியாய் நின்றது. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கோபால் நிரல்கள் இயங்குகின்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் வெள்ளமெனப் பெருகியபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர், இம்மொழி அறிந்தோர் உதவ முன்வருக என வெளிப்படையாக வேண்டினார். ஆதலின், இதனைப் புதிதாய்க் கற்பார்க்கு முதற்கண் எதனைக் கற்பிப்பது என்னும் வினா இன்றும் உயிருள்ள வினாவேயாம்.

ஆசிரியர் பலர் வினைச்சொற்களினின்று தொடங்க விரும்புவர். 'காட்டு', 'கூட்டு', 'பெயர்' என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்களே கட்டளைகளாதலின், மாணாக்கர் முதல் நாளிலேயே திரையில் விடை தோன்றக் கண்டு மகிழ்வர். அம்மகிழ்ச்சி வேண்டுவதே, ஆயினும் ஒரு நாளோடு அமைதல் நன்று. மறுநாள் தொடங்கிப் பல நாள் கற்பிக்க வேண்டுவது தரவுப் பகுதியே.

கோபால் நிரல் அடையாளம், சூழல், தரவு, செய்முறை என நான்கு பகுதிகளாய் அமைவது. செய்முறை இறுதியில் நிற்பது காரணமின்றியன்று. ஒரு பொருளுக்கு எத்தனை இலக்கம் இடம் உண்டு, அது எண்ணா எழுத்தா, தசமப்புள்ளி எவ்விடத்தது என்பனவெல்லாம் தரவுப் பகுதியில் முன்னரே வரையறுக்கப்படும். அவ்வரையறையை அறியாதார்க்கு வினைச்சொல்லின் பொருளும் விளங்காது. 'மூவ்' என்னும் கட்டளையைக் காண்க. பெயரளவில் அது 'பெயர்த்து வை' என்பதே. நான்கு இலக்கம் கொள்ளும் இடத்திற்கு 12,500 என்னும் ஊதியத்தைப் பெயர்த்தால், அங்கே நிற்பது 2,500. இடப்புற இலக்கம் உதிர்ந்துவிடும். நிரலோ நில்லாது, முறையிடாது, அடுத்த தொழிலாளியின் கணக்கிற்குச் சென்றுவிடும். மாதம் முழுதும் உழைத்தவன் இழந்தது பத்தாயிரம்! கட்டளையில் பிழையில்லை, இடம் அளந்தவனிடத்தே பிழை. ஆண்டினை இரண்டே இலக்கத்தால் குறித்த பழைய நிரல்களை 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் திருத்துதற்கு உலகெங்கும் பெரும்பொருள் செலவாயிற்று. அதுவும் இவ்வகைப் பிழையே. எழுத்தறியாதானுக்குப் புணர்ச்சி விதி கற்பிப்பாருண்டோ?

அடுத்து வேண்டுவது படிப்பு. இன்று இம்மொழி கற்பவருட் பலர் பிறர் எழுதிய நிரலைச் செப்பஞ்செய்யும் பணிக்கே செல்வர். ஆகவே, புதிதாய் எழுதப் பழகுமளவிற்குப் பழைய நிரல்களைப் படித்துப் பொருள் காணவும் பழகல் வேண்டும். அவற்றுள் முற்றுப்புள்ளி ஒன்றே பெரும்பாடு படுத்தும். 1985ஆம் ஆண்டுத் திட்டவரையறை 'ஆயின்' என்னும் நிபந்தனையை முடித்தற்குத் தனிச்சொல் தந்தது. அதற்கு முன் பெரும்பாலும் முற்றுப்புள்ளியே அதனை முடித்தது. 'அகவை அறுபதைக் கடந்தால் சலுகை சேர்' என்றெழுதிப் புள்ளியை மறந்து, அடுத்த வரியில் 'ஊதியச் சீட்டை அச்சிடு' என்று எழுதினால், அறுபதைக் கடந்தவர்க்கு மட்டுமே சீட்டு அச்சாகும். ஏனையோர் வெறுங்கையுடன் நிற்பர். இத்தகைய நிரலொன்றை மாணாக்கர் கையிற் கொடுத்து, விடுபட்ட புள்ளியை அவர்களே தேடிக் காணுமாறு விடுதல் வேண்டும்.