புது கோச் வந்தார்... கோப்பையும் வந்தது! அப்புறம் டீம் எங்கே போச்சு?

ஆம்பூர்:

ஷூ கம்பெனிகளுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் மைதானங்களில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. கிரிக்கெட் பசங்க பாதி மைதானத்தை வளைத்துக்கொள்வார்கள். மிச்ச மூலையில் செங்கல்லை கோல் போஸ்ட்டாக வைத்து கால்பந்து ஆடும் கூட்டமும் உண்டு. கல்லூரி டீமில் ஆடிவிட்டு இப்போது கட்டிங், ஸ்டிச்சிங் லைனில் நிற்கும் வாலிபர்களும் அதில் இருப்பார்கள்.

கல்லூரிக்கு புது கோச் வந்தால் இந்த கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "ஒரே வருஷத்துல இவரால என்னப்பா பண்ண முடியும்?" என்பதுதான்.

ஒரே வருஷத்தில் என்னவெல்லாம் பண்ண முடியும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் கோவை ரெயில் ஏறினால் போய்ச் சேரும் ஊரில் நடந்த கதை. அது 2018-19 சீசன். டீம் சென்னை சிட்டி எப்.சி.

பெயரில்தான் சென்னை. சொந்த மைதானம் என்று ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஐ-லீக்கில் நுழைந்த 2016-17 சீசனில் 10 அணிகளில் 8-வது இடம். அடுத்த சீசனிலும் அதே 8-வது இடம். கீழே இருந்தது இரண்டே அணிகள். அதில் ஒன்று இந்தியன் ஆரோஸ், அதாவது கால்பந்து சம்மேளனம் இறக்கிய சின்னப் பசங்க டீம். இப்படி தட்டுத்தடுமாறிய அணியைத்தான் 2018-ல் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கையில் கொடுத்தார்கள். சிங்கப்பூர் லீக்கில் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணிக்கு கோச்சாக இருந்தவர். இந்திய ரசிகர்களில் பாதிப் பேருக்கு ஆள் யார் என்றே தெரியாது.

வந்தவர் பெரிய பெயர்களைத் தேடவில்லை. வெளிநாட்டு வீரர்களை ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் இருந்து கூட்டி வந்தார்கள். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிக்ஸ், ராபர்டோ எஸ்லாவா என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒரே ஸ்டைலில் பந்தை பாஸ் செய்பவர்கள். அவர்களுக்கு நடுவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற நம்ம ஊர் ஆட்டக்காரர்களை நிறுத்தினார் நவாஸ்.

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லைனில் அதே ஆட்கள்தான் இருப்பார்கள். சூப்பர்வைசர் மாறி, யாரை எந்த டேபிளில் உட்கார வைப்பது என்று சரியாகப் பார்த்தால் சாயங்காலம் ஜோடி எண்ணிக்கை கூடிவிடும். ஆனால் தோல் மட்டமாக வந்தால் எந்த சூப்பர்வைசராலும் ஒன்றும் செய்ய முடியாது. நவாசுக்கு ஆளும் சரியாக அமைந்தது, டேபிளும் சரியாக அமைந்தது.

கடைசி நாள் வரை திக் திக்!

2018 அக்டோபரில் முதல் ஆட்டம். இந்தியன் ஆரோசை 4-1 என்று அடித்தது சென்னை சிட்டி. மான்சி ஹாட்ரிக். "சின்னப் பசங்களைத்தானே ஜெயிச்சாங்க" என்று பேசியவர்களின் வாய் அடுத்த மாதமே அடைத்தது. கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று சாய்த்தார்கள்.

அதன் பிறகு கோல் மழைதான். 20 ஆட்டங்களில் 48 கோல். அதில் மான்சி மட்டும் 21. சர்ச்சில் அணியின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான்.

ஆனால் கோப்பை சும்மா வந்துவிடவில்லை. 2019 மார்ச் 1-ந்தேதி கோவாவில் சர்ச்சில் அணியை ஜெயித்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். 3-2 என்று தோற்றார்கள். எல்லாம் கடைசி நாளுக்குப் போனது.

மார்ச் 9-ந்தேதி கோவையில் மினர்வா பஞ்சாப்புடன் மோதல். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியுடன் ஈஸ்ட் பெங்கால். இங்கே சறுக்கி அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு!

ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டது. ஸ்டேடியமே உறைந்து போனது. இரண்டாவது பாதியில் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அப்புறம் எதிர்பாராத ஒருத்தர் ஹீரோ ஆனார். தடுப்பாட்டக்காரரான கவுரவ் போரா முன்னே ஏறிவந்து ஒன்று, கடைசி நேரத்தில் இன்னொன்று என இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்னால் இருந்து மீண்டு 2-1 என்று ஜெயித்திருந்தது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி!

தமிழ்நாட்டில் இருந்து ஐ-லீக் பட்டம் வாங்கிய முதல் அணி அதுதான். அடுத்த மாதமே சூப்பர் கோப்பையில், அந்த வருஷம் ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு அணியையும் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அரை இறுதியில்தான் கோவாவிடம் தோல்வி. கோடிகளைக் கொட்டிய அணியை சிக்கனமாகச் சேர்த்த அணி தோற்கடித்ததை அப்போது நம்ம ஊரில் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. ஐ.பி.எல். ஓடிக்கொண்டிருந்தது, வேறென்ன!

இது ஒரு தடவை நடந்த அதிசயமும் இல்லை. 2016-17-ல் மலை ஊரான ஐசால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் அந்த சீசனுக்கு புதிதாக வந்த காலித் ஜமீல். முந்தின வருஷம் கீழே தள்ளப்பட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட டீம் அது. அந்த ஜமீல்தான் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே கோச் ஆனார். நம்ம சென்னையின் எப்.சி.யும் 2019-20-ல் ஜான் கிரிகோரி விலகியதும் ஓவன் காயில் வந்து, அடிமட்டத்தில் கிடந்த டீமை இறுதிப்போட்டி வரை இழுத்துப் போனார். கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த அந்த பைனலில் ஏ.டி.கே.விடம் 3-1 என தோல்வி.

ஆக, கோச்சால் ஒரு வருஷத்தில் முடியும். அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டாவது வருஷம்தான் சிக்கல்.

கலைந்த கூடு

சென்னை சிட்டிக்கு நடந்ததைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 2019-லேயே 26 சதவீத பங்கு வாங்கியது. ஆஹா, இனி ஏறுமுகம்தான் என்று நினைத்தார்கள். நெஸ்டர் போனார். எட்வின் சென்னையினுக்குப் போனார். மான்சி 2020-ல் ஜப்பான் போய்விட்டார். ரொமாரியோ கோவா அணிக்கு. கோச் நவாசும் 2020-ல் விலகினார். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்றே வருஷத்தில் காணாமல் போன டீம்!

போனவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாலு காசு கூட கிடைத்தால் இந்த கம்பெனியில் இருந்து அந்த கம்பெனிக்கு மாறுவது ஆம்பூரில் தினமும் நடப்பதுதான். ஆட்டக்காரனுக்கு காலில் தெம்பு இருப்பதே பத்து வருஷம். தப்பு வேறு இடத்தில் இருந்தது. 2019-ல் ஐ-லீக் ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற வழி கிடையாது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனையும் அதே வகுப்பில் உட்கார வைத்த கதை. அப்படி ஒரு டீமில் யார் பணம் போடுவார்கள்? 2022-23-ல்தான் முதன்முறையாக ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏற இடம் கொடுத்தார்கள். அதில் ஏறியது பஞ்சாப். அன்று கோவையில் 3-1 என்று தோற்ற அதே மினர்வா, கைமாறி பெயர் மாறிய டீம்!

வேலூர் பக்கம் திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 என்று இரண்டு காமன்வெல்த்தில் பளுதூக்கி தங்கம் கொண்டு வந்தார். பளுதூக்க தனி ஆள் போதும். கால்பந்துக்கு 11 பேர் வேண்டும், அந்த 11 பேரும் அடுத்த வருஷமும் சேர்ந்து இருக்க வேண்டும். கல்லூரியில் மூன்றாவது வருஷம் முடிந்ததும் பாதி டீம் கலைந்துவிடுகிறது. வீட்டில் கஷ்டம் என்றால் கம்பெனி கேட்தான். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருந்தாலும், அதற்குத் தகுதியான சான்றிதழ் வாங்க கல்லூரி போட்டிகளைத் தாண்டி மேலே ஆடி ஜெயித்திருக்க வேண்டும்.

புதுசாக வரும் கோச்சுக்கு கப் எப்போ என்று கேட்பதற்கு முன்னால், கல்லூரி நிர்வாகங்கள் இரண்டு விஷயத்தை யோசிக்கலாம். அவரை எத்தனை வருஷத்துக்கு எடுத்திருக்கிறார்கள்? படிப்பு முடிந்த பையன் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து அதே மைதானத்தில் பயிற்சி எடுக்க கேட்டைத் திறந்து விடுவார்களா?