நோயாளியைக் கேட்டீர்களா?

மனநல மருத்துவம் காலனிய ஆட்சி விட்டுப்போன சரக்கு. அதை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராக ராக சிகிச்சையைக் கொண்டுபோவதுதான் காலனிய நீக்கம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. சென்னையின் முதல் பைத்தியக்கார விடுதியை 1794-இல் தொடங்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்தான். இரண்டாம் பாதி அபத்தம், ஆபத்தும்கூட.

தம் கட்சிக்குச் சாட்சியாக மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனானை இழுக்கிறார் கட்டுரையாளர். ஃபனான் செய்தது என்ன? 1953-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்கு வந்தவர், ஐரோப்பியப் பெண்கள் வார்டிலும் முஸ்லிம் ஆண்கள் வார்டிலும் ஒரே ஏற்பாட்டைச் செய்துபார்த்தார்: விழா, சினிமா, நோயாளிகளே எழுதும் பத்திரிகை. பெண்கள் தேறினார்கள். ஆண்கள் அசையவில்லை. அவர் நோயாளிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய மொழியும் வாழ்க்கையும் தெரியாமல் பிரெஞ்சு வாழ்க்கையைத் திணித்ததே தவறு என்று 1954-இல் சக மருத்துவர் அசூலேயுடன் சேர்ந்து எழுதினார். பிறகுதான் அங்கே அந்த ஊர்ப் பாணிக் காபிக்கடை வந்தது, கதைசொல்லி வந்தார், அவர்களுடைய பண்டிகைகள் வந்தன. அப்போதும் இன்சுலின் சிகிச்சையையும் மின்னதிர்ச்சியையும் அவர் கைவிடவில்லை. காலனியத்தை இவ்வளவு கடுமையாக எதிர்த்த மருத்துவரே மருந்தைத் தூக்கியெறியவில்லை என்பதைக் கட்டுரை மறைக்கிறது.

ஃபனானின் பெயரைச் சொல்லிவிட்டு, நோய்க்கு ஒரு ராகம் என்று பட்டியல் போடுகிறார் கட்டுரையாளர். தூக்கம் வராதவருக்கு நீலாம்பரியாம். கரிசல் காட்டில் களையெடுக்கும் பெண்ணுக்கு அது பழகிய இசையா என்று அவர் விசாரிக்கவில்லை. வெள்ளைக்கார மருத்துவரின் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் ஊரில் இசைக்கா பஞ்சம்? சாவு வீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். செத்தவரில் தொடங்கும் ஒப்பாரி சீக்கிரமே மாமியார் கொடுமைக்கும் சீர் செய்யாத அண்ணனுக்கும் திரும்பிவிடும். வேறெங்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். பாட்டில் சொன்னதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், துக்கத்தை ஆற்றும் சமூக வழிகளில் ஒன்றாக ஒப்பாரியைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

பறைக்கும் இல்லை. பறையைச் சேர்த்தால் சாதியைப் பேச வேண்டிவரும். சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று மிரட்டப்பட்ட குடும்பத்துப் பையனுக்கு அந்த ஒலி மருந்தா, அவமானமா? அதே பறையை மேடையேற்றித் தலைநிமிர்ந்து அடிக்கிற இளைஞருக்கு அது வேறு. அவர்களைக் கேட்காமல் எந்த நிபுணராலும் இதைச் சொல்ல முடியாது.

ஆதாரமாக 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கோயில் ஆய்வைக் காட்டுகிறார். முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேருக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன, சரி. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ராக சிகிச்சையும் இல்லை. இசை சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் வேண்டுமென்றால் 2017-இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இருக்கிறது: 18 ஆய்வுகள், 1215 பேர். மனச்சிதைவுக்கு வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்கிறது அது. சேர்ந்தால்.

நம் மரபு மனநோயாளிகளை அரவணைத்தது என்ற வாக்கியம் என்னைக் கொதிக்கவைத்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியவர்கள் நம்மவர்கள்.

இவ்வளவுக்கும் மேலாக, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு வரச் சொல்கிறார். இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். தற்கொலை ஆபத்து கூடும். மகனுக்கு மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி, கூட்டத்தில் காத்திருந்து, டாக்டரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேச முடியாமல் திரும்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். மாத்திரையே வேண்டாம் என்ற பேச்சு அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாகக் கேட்கும்! அந்தச் சோர்வைத்தான் இவர் தம் வாதத்துக்குப் பயன்படுத்துகிறார். மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்த ஒரு வரியை அச்சிலேயே அவர் திரும்பப் பெறட்டும். ராகங்களைப் பற்றிப் பிறகு பேசலாம்.